குரலும் கோலமும்: ஸ்திரீபார்ட் மரபின் நோக்கில் ராணி கோ-ஹி-நூரின் போட்டி மேடைகள்

ஆய்வுச் சுருக்கம்

ஆடவர் பெண்கோலம் பூண்டு பாடி ஆடுவது தமிழ் மேடைக்குப் புதிதன்று. எனினும் தொலைக்காட்சிப் போட்டிகளின் வழியே அறிமுகமாகியுள்ள 'டிராக்' கலையை மேலைநாட்டு இறக்குமதியாகவோ வெறும் வேடிக்கையாகவோ காணும் போக்கே நம்மிடையே மிகுதி. மும்பையைச் சேர்ந்த சுஷாந்த் திவ்கிகர், ராணி கோ-ஹி-நூர் என்னும் பெயரில் போட்டி மேடைகளில் நிகழ்த்திய கலையை ஸ்திரீபார்ட் மரபோடு ஒப்பிட்டு, மேடைப் பெண்மையின் உயிர்நிலை உடையில் அன்றிக் குரலில் அமைந்துள்ளது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ஸ்திரீபார்ட், பேடு, மகரக்கட்டு, டிராக், ராணி கோ-ஹி-நூர், தெருக்கூத்து, லேடி கெட்டப்

முன்னுரை

சென்னை – அரக்கோணம் இருப்புப்பாதையில் மணவூரை அடுத்த நிலையம் திருவாலங்காடு. இறைவனும் காளியும் ஆடற்போட்டியில் ஈடுபட்ட தலம் என்பது அவ்வூரின் புராணச் செய்தி. இருவரும் நிகராக ஆடிவருகையில் இறைவன் ஒரு காலைத் தலைக்கு மேல் உயர்த்தி ஊர்த்துவ தாண்டவம் ஆடினான் என்றும், நாணத்தால் அவ்வாறு ஆட இயலாத காளி தோல்வியை ஏற்றாள் என்றும் கூறுவர். அப்போட்டியின் முடிவைத் தீர்மானித்தது ஆடற்றிறன் அன்று. பெண்ணுக்கு வகுக்கப்பட்ட வரம்பு. இரத்தினசபை எனப் போற்றப்படும் அதே தலத்தில்தான், பெண்ணுடலின் வனப்பை உதறிப் பேயுருக் கொண்ட காரைக்கால் அம்மையார் ஆடற்பெருமானின் அடிக்கீழ் அமர்ந்ததாகப் பெரியபுராணம் காட்டும். அங்கிருந்து தொலைவில் இல்லை தணிகை மலை. வேடனாகவும் வேங்கை மரமாகவும் கிழவனாகவும் கோலம் மாறி வள்ளியை மணந்த முருகன் அமர்ந்த மலை என்று மக்கள் அதனை வழங்குவர். போட்டி, கோலமாற்றம், பால் வரம்பு ஆகிய மூன்றும் இச்சிறு நிலப்பகுதியின் தொன்மங்களில் பின்னிக் கிடக்கின்றன.

இம்மூன்றும் ஒருசேர அமைந்த இக்கால நிகழ்த்துகலை வடிவம் டிராக் போட்டி. அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டு தொடங்கிய 'ரூபால்ஸ் டிராக் ரேஸ்' என்னும் நிகழ்ச்சி, இரவு விடுதிகளில் மட்டும் நிகழ்ந்துவந்த பெண்வேடக் கலையை இல்லத்துத் திரைக்குக் கொணர்ந்தது. அதன் கிளைகள் இன்று பல நாடுகளில் நடைபெறுகின்றன. இந்தியாவில் அத்தகைய தனிப்போட்டி வேரூன்றவில்லை. ஆயினும் இந்தியக் கலைஞர் ஒருவர் இல்லப்போட்டி, இசைப்போட்டி, பன்னாட்டு டிராக் போட்டி என்னும் மூவகை மேடைகளையும் கடந்து வந்துள்ளார். அவரது கலைவாழ்வைத் தமிழ் மேடை மரபின் வழியே படிக்கும்போது இருபுறமும் புதிய வெளிச்சம் கிடைக்கிறது.

பெயரும் பாலும்

முதற்கண் பெயர்ச்சிக்கல் எழுகிறது. டிராக் என்பதனைப் 'பெண்வேடம்' என மொழிபெயர்ப்பின் பாதிப் பொருளே கிட்டும். பெண்வேடம் என்பது ஒரு கதைமாந்தரை ஏற்பது. வள்ளியாகவோ திரௌபதியாகவோ பவளக்கொடியாகவோ ஒருவர் மேடையேறுகிறார். கதை முடிந்ததும் அம்மாந்தரும் முடிந்துவிடுகிறார். டிராக் கலைஞர் ஏற்பது கதையற்ற மாந்தரை. அவரே புனைந்துகொண்ட ஒரு பெயர், ஒரு நடை, ஒரு பேச்சு ஆகியன பல்லாண்டு தொடர்ந்து வளரும். ஆகவே இக்கட்டுரை 'டிராக்' என்னும் சொல்லை அப்படியே ஆள்கிறது. அதனைத் திருநங்கை என்னும் சொல்லோடு மயக்குவதும் பொருந்தாது. ஒன்று நிகழ்த்துகலையைக் குறிப்பது, மற்றது வாழ்வின் அடையாளம். இவ்விரண்டும் ஒருவரிடத்தே சேர்ந்திருக்கலாம், சேராமலும் இருக்கலாம். சென்னை உயர்நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து பாலினச் சிறுபான்மையினரைக் குறிக்கும் சொற்பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு வெளியிட்டதும், சொல் பிழைத்தால் மதிப்பும் பிழைக்கும் என்ற உணர்வினாலேயே.

இவ்வுணர்வு இலக்கணிகளிடமும் இருந்தது. தொல்காப்பியச் சொல்லதிகாரக் கிளவியாக்கம், ஆண்மை திரிந்தவரைச் சுட்டும் பெயரை உயர்திணையுள் அடக்குகிறது. தமக்கெனத் தனி ஈறு அப்பெயர்க்கு இல்லை என்றும், உயர்திணைப் பால்களின் ஈறுகளையே அது ஏற்கும் என்றும் கூறி, பிறிதொரு நூற்பாவில் ஆண்பால் ஈறு அதற்குப் பொருந்தாது என்று விலக்குகிறது. நன்னூல் இன்னும் ஒரு படி சென்று, எதனை விட்டு எதனை அவாவுகின்றனர் என்பதைக் கொண்டு பாலை வகுக்கிறது. அவாவே பாலைத் தீர்மானிக்கும் என்னும் பவணந்தியாரின் நோக்கு, பிறப்புடலை அளவுகோலாகக் கொள்ளாமை கருதத்தக்கது. அஃறிணை அன்னவும் ஆகும் என அவர் சேர்த்துள்ள குறிப்பு இன்றைய வாசகரை உறுத்தும்; உறுத்தவும் வேண்டும். இக்கட்டுரை ஆளும் 'அவர்' என்னும் உயர்வுப்பன்மை இருபாலையும் தன்னுள் அடக்கும் வசதியைத் தமிழ் இயல்பாகவே நமக்கு அளித்திருக்கிறது.

கலைஞரின் மேடைப் பெயரிலும் இதே இலக்கண விளையாட்டு உண்டு. கோகினூர் என்பது பாரசீகத்தில் 'ஒளி மலை'. கிருஷ்ணைக் கரைச் சுரங்கத்தில் கிடைத்ததாகக் கருதப்படும் வைரத்தின் பெயர். சுஷாந்த் அதனை ஆங்கிலத்தில் எழுதுகையில் நடு அசையை மட்டும் பெரிய எழுத்துகளால் 'ஹீ' என அமையுமாறு மாற்றினார். ஆங்கிலத்தில் அது 'அவன்' என்னும் படர்க்கைப் பெயர். ராணி என்று தொடங்கும் பெண்பாற் பெயரின் நடுவே ஆண்பாற் சுட்டு வெளிப்படையாக நிற்கிறது. தமிழில் அதனை ஒலிபெயர்க்கும்போது சிலேடை மறைந்துவிடுவது இழப்பே.

பேடு: மறைக்காத கோலம்

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை மாதவி ஆடிய பதினோராடலைத் தொகுத்துரைக்கிறது. அவற்றுள் ஒன்று பேடு. வாணாசுரனின் சோ நகரத்தில் சிறைப்பட்ட தன் மகனை மீட்கக் காமன் பேடியுருக் கொண்டு ஆடியது என்பது உரை மரபு. ஆண் தெய்வம் ஆண்மை திரிந்த கோலத்தில் ஆடிய ஆடலை இங்கு ஒரு பெண் ஆடிக்காட்டுகிறாள். கோலத்தின் மேல் கோலமாக மூன்று அடுக்குகள் அமைந்த இவ்வாடலை இந்திரவிழாக் காணவந்த விஞ்சையனும் கண்டு மகிழ்கிறான். வேடத்துக்கு உரிய உடல் எது என்ற வினா அங்கு எழவே இல்லை.

மணிமேகலையின் மலர்வனம் புக்க காதை இவ்வாடலைத் தெருவில் நிறுத்துகிறது. புகார் வீதியில் பேடிக்கோலத்தார் ஆடுவதைக் கூட்டமாக நின்று காண்போரை அது குறிப்பிடும். அங்கே சித்திரிக்கப்படும் கோலம் நுணுகி நோக்கற்குரியது. பூச்சூடிய கூந்தலும் சிவந்த வாயும் பெண்மை காட்ட, சுருண்ட தாடியும் அதே முகத்தில் இருக்கிறது. தாடியை மழித்துப் பெண்ணாகத் தோன்ற அக்கலைஞர் முயலவில்லை. இரண்டும் ஒரே முகத்தில் ஒருங்கு காணப்படுவதே காண்போருக்கு விருந்து. இன்றைய டிராக் உலகில் தாடியுடன் தோன்றுவோரை ஒரு தனிவகையாகவே சுட்டுவர். அவ்வகைக்கு ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுப் பழமையான சான்று ஒரு பௌத்தக் காப்பியத்தில் உள்ளது.

ஆக, தமிழ் மரபில் இருவகைப் பெண்கோலங்கள் உள்ளன எனலாம். ஒன்று, ஆண் என்பதை மறக்கச் செய்வது. மற்றொன்று, மறவாதிருக்கச் செய்வது. பேடு இரண்டாம் வகை. ஸ்திரீபார்ட் முதல் வகையின் உச்சம்.

மகரக்கட்டு

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) யாத்த 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்' முதலிய நாடகங்களில் பெண்பாத்திரங்களின் பாடற்சுமை ஆண்பாத்திரங்களுக்குக் குறைந்ததன்று. வள்ளிக்கும் வேலனுக்கும் இடையே நிகழும் தர்க்கம், பாட்டுக்குப் பாட்டு விடைகூறும் போட்டியாகவே நிகழும். 1918இல் மதுரையில் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற பாலர் குழுக்களில் ஸ்திரீபார்ட் ஏற்றோர் சிறுவர்களே. அவர்களின் உயர்ந்த சுருதியே வள்ளியின் குரல். ஒப்பனையும் புடவையும் எவருக்கும் அமையும், குரல் அவ்வாறன்று.

பதின்மூன்று, பதினான்கு அகவையில் அக்குரல் உடையும். அதனை நாடகக்காரர் 'மகரக்கட்டு' என்றனர். நேற்றுவரை ஐந்து கட்டையில் பாடியவன் இன்று பேசவே தடுமாறுவான். மகரக்கட்டுக்கு உள்ளானவன் துணைவேடத்துக்கோ திரைக்குப் பின்னாலோ தள்ளப்படுவான்; ஊர் திரும்புவோரும் உண்டு. சிறுவயதிலேயே குழுவில் சேர்ந்து முறையான கல்வியின்றி வளர்ந்தவனுக்கு வேறு தொழில் தெரியாது. பெண்மையை நடித்துப் பெற்ற புகழை ஆணாக வளர்ந்தமையால் இழத்தல் என்பது அத்தொழிலின் கொடிய முரண். தேறியவர்களின் பெயர்களே வரலாற்றில் நின்றன. சீதையாக மேடையேறிய சிறுவன் கணேசன் பின்னர் சிவாஜியானார். தேறாதோர் பெயரற்றுப் போயினர்.

தொழில்முறை அல்லாத சபைகளில் நிலை வேறு. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் நிறுவிய சுகுணவிலாச சபையில் அவருக்கு இணையாக நாயகி வேடம் பூண்டு புகழ்பெற்ற சி. ரங்கவடிவேலு ஒரு வழக்கறிஞர். பகலில் நீதிமன்றம், மாலையில் கதாநாயகி. குரல் உடைந்து முதிர்ந்த ஆடவர் ஒருவர் நாயகியாக ஏற்கப்பட்டார் என்பதும், அதனால் அவருடைய சமூக மதிப்புக் குறையவில்லை என்பதும் சேர்த்தெண்ணத் தக்கன. பாலர் குழுச் சிறுவனுக்கும் அவருக்கும் இடையே இருந்த வேறுபாடு திறமையைச் சார்ந்ததாக மட்டும் தோன்றவில்லை. ஒருவருக்கு மேடை பிழைப்பு; மற்றவருக்கு அது விருப்பம். பெண்வேடம் இழிவெனக் கருதப்பட்டதா இல்லையா என்னும் வினாவுக்கு வேடத்தைப் பார்த்து மட்டும் விடை கூற இயலாது. அதனைப் பூண்டவரின் வகுப்பையும் பார்த்தாக வேண்டும்.

மகரக்கட்டைக் கடந்த பெண்வேடத்துக்கு டி.கே. சண்முகம் (1912–1973) கண்ட வழி நுட்பமானது. 1942இல் தம் முப்பதாம் அகவையில் அவர் ஏற்றது ஔவையார் வேடம். மூதாட்டியின் குரலில் தளர்ச்சியும் கரகரப்பும் இயல்பு. ஆண்குரல் அங்கு குறையாகத் தோன்றாது. இளம்பெண் வேடத்தைச் சூழும் காமக் கண்ணோட்டமும் அங்கு எழாது. குரல், பார்வை ஆகிய இரு இடர்களையும் ஒரே பாத்திரத் தேர்வால் அவர் தாண்டினார். 'ஔவை' அவர் பெயரின் முன்னொட்டாகவே நிலைத்தது. அப்பெயரைச் சற்றே திரித்துத் தலைப்பாக்கிக்கொண்ட 'அவ்வை சண்முகி' (1996) திரைப்படத்திலும் கமல்ஹாசன் ஏற்றது முதியவள் வேடமே என்பது தற்செயல் எனத் தோன்றவில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு சான்று உண்டு. 'பக்த நந்தனார்' (1935) படத்தில் நந்தனாராக நடித்தவர் கே.பி. சுந்தரம்பாள். கணீரென்ற அவர் குரல் ஆண்வேடத்துக்கு உரிமம் பெற்றுத் தந்தது. அதற்கு ஊதியமாக ஒரு லட்சம் ரூபாய் பெற்றார் என்பது அக்காலத்தில் பரவலாகப் பேசப்பட்ட செய்தி.

எல்லைக்கு அப்பால்

திருத்தணிப் பகுதி 1960 ஏப்ரல் முதல் நாள்வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இருமொழி வழங்கும் இந்நிலத்திலிருந்து தெலுங்கு மேடையை நோக்குவது இயல்பே. அங்கு மகரக்கட்டு முடிவாகக் கருதப்படவில்லை. கூச்சிப்பூடி மரபில் வேதாந்தம் சத்தியநாராயண சர்மா (1935–2012) முதிர்ந்த பருவத்திலும் சத்தியபாமையாக ஆடினார். 1970இல் பத்மஸ்ரீ பெற்றார். பாமாகலாபத்தில் பாமை திரைக்கு மேலே தன் நீண்ட சடையை எடுத்து வீசும் காட்சி புகழ்பெற்றது. வல்லவர் எவரேனும் உளரேல் என்னை வென்று இச்சடையை அறுக்கலாம் என்னும் அறைகூவலாக அதற்குப் பொருள் கூறுவர். போட்டியும் பெண்கோலமும் அங்கும் இணைந்தே வருகின்றன. தெலுங்கு நாடக மேடையில் ஸ்தானம் நரசிம்மராவ் 1956இலேயே பத்மஸ்ரீ பெற்றிருந்தார்.

மராத்தி மேடையில் பால கந்தர்வர் (1888–1967) நாயகி வேடத்திலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார். அவர் புடவை உடுத்திய பாங்கை மும்பை, புனே மகளிர் பின்பற்றினர் என்பர். ஆடவர் ஒருவர் மகளிருக்குப் பெண்மையைக் கற்பித்த விந்தை அது. 1935இல் 'தர்மாத்மா' திரைப்படத்தில் ஏகநாதராக ஆண்வேடத்தில் அவர் தோன்றியபோது மக்கள் அதனைப் பெரிதும் விரும்பவில்லை. சுஷாந்த் பால கந்தர்வரின் வழித்தோன்றல் என்று கூற இக்கட்டுரை முனையவில்லை. ஆனால் அவர் பிறந்து வளர்ந்த மாநகரத்தின் செவி, பெண்கோலத்து ஆண்குரலைப் பல தலைமுறைகளுக்கு முன்பே கேட்டுப் பழகியிருந்தது என்பதை மறக்கலாகாது.

மூன்று மேடை, மூன்று பெயர்நிலை

சுஷாந்த் திவ்கிகர் 1990இல் மும்பையில் பிறந்தார். 2014இல் 'மிஸ்டர் கே இந்தியா' பட்டம் பெற்றார். அதே ஆண்டு 'பிக் பாஸ்' இந்தி நிகழ்ச்சியின் எட்டாம் பருவத்தில் போட்டியாளரானார். திருநரை மூன்றாம் பாலினமாக ஏற்ற உச்சநீதிமன்றத்தின் நால்சா தீர்ப்பு அவ்வாண்டு ஏப்ரலில் வெளிவந்தது. தன்பாலீர்ப்பைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவோ அப்போது நடப்பில் இருந்தது. சட்டத்தின் பார்வையில் குற்றம் எனப்பட்ட ஒன்றை மறைக்காமல் ஒருவர் பல கோடி இல்லங்களின் கூடத்தில் தோன்றினார். பெற்றோர் அவருக்கு வெளிப்படையாகத் துணைநின்றது அக்காலத்தில் அரிது. இம்மேடையில் அவர் சுஷாந்த் மட்டுமே. மதிப்பிடப்பட்டது கலை அன்று. அவரது இயல்பும் உடன் வாழ்வோரோடு பொருந்திப்போகும் திறமும்.

ராணி என்னும் மாந்தர் பின்னரே உருப்பெற்றார். லலித் விடுதிக் குழுமத்தின் 'கிட்டி சு' இரவரங்குகள் டிராக் நிகழ்வுகளுக்கு இடமளித்தன. அக்குழுமத்தைச் சேர்ந்த கேசவ் சூரி, 377ஆம் பிரிவை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்றவர்களுள் ஒருவர். 2018 செப்டம்பர் 6ஆம் நாள் அப்பிரிவின் குற்றத்தன்மையை நீதிமன்றம் நீக்கியது. அதே ஆண்டில் ஜீ தொலைக்காட்சியின் 'ச ரி க ம ப' இசைப்போட்டியில் சுஷாந்த், ராணி கோ-ஹி-நூராகப் பெண்கோலத்தில் பாடினார். 1995ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் அந்நிகழ்ச்சிக்கு அது புதியது.

அங்கு அவர் செய்தது யாது? ஒரே பாடலில் ஆண்குரலையும் பெண்குரலையும் மாறிமாறி ஒலித்தார். நம் திரையிசை மரபு ஆண்குரல், பெண்குரல் என்னும் இரு வாய்க்கால்களில் மட்டுமே பாய்வது. இருவர் பாடல் என்றால் இரு உடல்கள் வேண்டும். அவ்விருவர் பாடலை ஒருவரே பாடுவதைக் கேட்போரின் வியப்பு, குரல் மாறும் அந்தக் கணத்தில் பிறக்கிறது. பெண்குரலில் தொடங்கி அப்படியே முடித்திருப்பின் அது செவ்விய ஸ்திரீபார்ட். ஆண்குரல் இடையே வெளிப்படுவதால் அது பேடு. மணிமேகலை காட்டும் சுருள்தாடி இங்குக் குரலாக வெளிப்படுகிறது எனலாம்.

பாலர் குழுச் சிறுவனுக்கு மகரக்கட்டு தொழிலின் முடிவு. சுஷாந்துக்கோ அதுவே முதலீடு. உடைந்த குரல் ஒருபுறமும் பயிற்சியால் காத்த மேற்குரல் மறுபுறமும் இருப்பதால்தான் அவர் கலை இயல்கிறது. உடலின் வளர்ச்சி பறித்ததைக் கலை திருப்பிக் கொணர்ந்த நிகழ்வு இது. ஒப்பனை, அணிகலன், உடை ஆகியவற்றின் பகட்டைப் பற்றியே இதழ்கள் மிகுதியாக எழுதின. குரல் பற்றிய செய்திகள் 'இரு குரலில் பாடுகிறார்' என்னும் ஒற்றை வியப்போடு நின்றன.

மூன்றாம் மேடை 2021 டிசம்பரில் அமைந்த 'குயீன் ஆஃப் தி யுனிவர்ஸ்'. பல நாடுகளிலிருந்து பதினால்வர் பங்கேற்ற அந்தப் பன்னாட்டுப் போட்டியில் இந்தியாவின் சார்பில் ராணி நின்றார். பட்டம் பிரேசிலின் கிராக் குயீனுக்குச் சென்றது. வென்றவர் யார் என்பதனினும் போட்டியின் விதியே ஆய்வுக்குரியது. டிராக் ரேஸில் வெளியேற்றத்தைத் தீர்மானிப்பது உதட்டசைவுப் போட்டி. பிறர் பாடிய பதிவுக்கு ஏற்ப வாயசைத்தல். அங்குக் குரல் ஒளிந்துகொள்கிறது. 'குயீன் ஆஃப் தி யுனிவர்ஸ்' போட்டியில் ஒவ்வொருவரும் தம் குரலில் நேரடியாகப் பாட வேண்டும். டிராக் கலையின் மறைவிடமாக இருந்த குரலை அப்போட்டி மேடையின் நடுவில் நிறுத்தியது. பாடி நடிக்க வேண்டிய கட்டாயத்தில் வளர்ந்த ஸ்திரீபார்ட் மரபினருக்கு அவ்விதி புதிதாகவே இருந்திராது.

மூன்று மேடைகளையும் வரிசைப்படுத்தின் பெயர்நிலை மாறிவருவது புலனாகும். முதலாவதில் சுஷாந்த், இரண்டாவதில் சுஷாந்தும் ராணியும், மூன்றாவதில் ராணி மட்டும். இதே காலத்தில் மேடைக்கு வெளியேயும் அவர் தம்மைத் திருநராக வெளிப்படுத்திக்கொண்டார். கோலம் வாழ்வை மாற்றியதா, வாழ்வு கோலத்தில் முன்னரே வெளிப்பட்டதா என்பதற்குப் பிறர் விடை கூற முற்படுதல் முறையன்று. ஆனால் மேடையில் ஏற்ற பெண்மையை மேடையிலேயே விட்டுச்செல்லும் உரிமையும், உடன் எடுத்துச்செல்லும் உரிமையும் ஒரே கலைஞருக்கு வாய்த்திருப்பது கருதத்தக்கது. பாலர் குழுச் சிறுவனுக்கு இவ்விரண்டுமே இல்லை. அவன் ஏற்கும் பார்ட்டை வாத்தியார் முடிவு செய்தார். அதனைக் கைவிடும் நாளை அவன் தொண்டை முடிவு செய்தது.

தமிழ்த் தொலைக்காட்சியின் 'லேடி கெட்டப்'

தமிழ்த் தொலைக்காட்சியின் போட்டி மேடைகளில் பெண்கோலம் இல்லாமல் இல்லை. விஜய் தொலைக்காட்சியின் 'கலக்கப் போவது யாரு' முதலிய நகைச்சுவைப் போட்டிகளில் 'லேடி கெட்டப்' என்பது ஏறத்தாழ ஒரு தனித்துறை. அங்குக் கோலத்தின் பயன் சிரிப்பு. சிரிப்புக்குக் காரணம் பெண்ணாகத் தோன்ற முயன்று தோற்பது. கரகரத்த குரல், நழுவும் முந்தானை, மறைக்கப்படாத மீசைத்தடம் ஆகியன நகைப்பொருளாகின்றன. பேட்டில் இவ்விருமை வியப்பை விளைத்தது. இங்கு அதே இருமை ஏளனத்தை விளைக்கிறது. அந்நிகழ்ச்சியில் போட்டியாளராகத் தொடங்கித் திரைக்கு வந்த சிவகார்த்திகேயன், 'ரெமோ' (2016) படத்தில் செவிலிப் பெண்ணாக அழகுற ஒப்பனை செய்துகொண்டார். தோல்வியை நம்பாத பெண்கோலம் அது. எனினும் கதைக்குள் அது காதலுக்கான சூழ்ச்சி என்றே நியாயப்படுத்தப்பட்டது. காரணம் கூறாமல் ஒருவர் பெண்கோலத்தில் பாட வரும் மேடை தமிழ்த் தொலைக்காட்சியில் இன்னும் அமையவில்லை.

இது தமிழ்ப் பார்வையாளரின் மனக்குறை என்று முடிவுகட்டல் தகாது. 2008ஆம் ஆண்டிலேயே ரோஸ் என்னும் திருநங்கை தொகுத்தளித்த 'இப்படிக்கு ரோஸ்' நிகழ்ச்சியை அதே தொலைக்காட்சி ஒளிபரப்பியது. தமிழ்நாடு அரசு திருநங்கையர் நலவாரியம் அமைத்ததும் அவ்வாண்டே. வாழ்வின் அடையாளத்தை ஏற்பதில் முன்சென்ற தமிழ்ச் சூழல், கலையின் கோலத்தைச் சிரிப்புக்குள் அடைத்து வைத்திருக்கிறது. ஸ்திரீபார்ட் மரபை நாடக வரலாற்றின் பழைய இயலாக மட்டும் கற்பிக்கும் நம் பாடத்திட்டங்களுக்கும் இதில் பங்குண்டு.

கூத்து மேடையின் சான்று

தொண்டைநாட்டுக் கூத்து மேடைகளில் இவ்விழை இன்னும் அறுபடவில்லை. திரௌபதி அம்மன் விழாக்களில் விடியவிடிய நிகழும் கூத்தில் பெண்பாத்திரங்களை ஆடவரே ஏற்பது வழக்கம். அரசர்க்குரிய கட்டை வேடத்தின் கனத்த கிரீடமும் புஜக்கட்டைகளும் பெண்வேடத்துக்கு இல்லை. புடவை, கூந்தல், நகை, அரிதாரம் ஆகியவற்றோடு நின்றுவிடும் எளிய கோலம் அது. ஆகவே முழுச்சுமையும் குரலின் மீது விழுகிறது. துகிலுரிதல் கூத்தில் திரௌபதி முறையிட்டு அழும் பாட்டு எட்டுக்கட்டையிலும் தளராமல் ஊர் எல்லைவரை எட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பர். பாடுபவர் மகரக்கட்டைக் கடந்த ஆடவர் என்பது கூடியிருப்போர் அனைவருக்கும் தெரியும். பகலில் அவரை வயலிலோ தேநீர்க் கடையிலோ கண்டவர்களே அவர்கள். கட்டியங்காரன் இடையிடையே அதனைக் குத்திக்காட்டி நகைக்கவும் செய்வான். அடுத்த பாட்டில் அதே கூட்டம் அம்மனைக் கைகூப்பி வணங்கும். மறத்தலும் மறவாமையும் ஓர் இரவில் பலமுறை மாறிமாறி நிகழ்கின்றன. விராட பருவக் கூத்தில் அருச்சுனன் பேடியாக வரும்போது இது மேலும் சிக்கலாகிறது. வீரவேடத்துக்குரிய கலைஞரே தம் கனத்த குரலை அடக்கிக்கொண்டு ஆட வேண்டியிருக்கும்.

ராணியின் குரல் மாற்றத்துக்கு நெருங்கிய உறவு பாலர் குழு மேடையில் இல்லை, இங்கே இருக்கிறது. ஆயினும் கூத்தின் பெண்வேடக் குரல் பற்றிய முறையான பதிவுகள் குறைவு. அடவும் ஒப்பனையும் ஆராயப்பட்ட அளவுக்குத் தொண்டை ஆராயப்படவில்லை. திருத்தணி, மணவூர், திருவாலங்காடு வட்டாரங்களில் ஆடும் குழுக்களின் மூத்த பெண்வேடக் கலைஞர்களிடம் அவர்கள் பாடும் கட்டை, மகரக்கட்டுக்குப் பின் குரலை மீட்ட வழி, எந்த அகவையில் எந்தப் பாத்திரத்தை விட்டனர் என்னும் விவரம், ஓரிரவுக் கூத்தின் தொடக்கத்திலும் விடியலிலும் பதிவான அவர்களின் பாட்டு ஆகிய நான்கையும் திரட்டுவது உடனடியாகச் செய்யக்கூடியது. மகளிரும் கூத்துப் பயின்று மேடையேறத் தொடங்கியுள்ள இந்நாளில் பெண்வேடம் ஆடவரிடமிருந்து மெல்ல விலகிவருகிறது; அம்மாற்றம் நிறைவுறும் முன்னரே அப்பதிவுகள் செய்யப்பட வேண்டும்.